கடலை படாத தட்டு

கடலை துளி பட்டாலும் ரெனிக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். ஏழு வயதாகியும் அவள் சாக்லேட் சாப்பிட்டதில்லை. குன்னூரிலிருந்து ஊட்டி வரை நான்கு கடைகளில் அவளுடைய அம்மா ஸ்டெல்லா ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "சாக்லேட் ஊத்துற கல்லுல கடலையும் போடுவீங்களா?" மூன்று கடைகளில் ஆமாம் என்றார்கள். நான்காவது கடைக்காரர், "கடலை போடாத சாக்லேட்டை எவன்மா வாங்குவான்?" என்று சிரித்தார்.

ஐந்தாவது கடையில் இருந்த பெண் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல வாங்க. கடலை டப்பாவைத் தொடுறதுக்கு முன்னாடி, புதுத் தட்டுல பாப்பாவுக்குன்னு ஊத்தித் தரேன்."

மறுநாள் தட்டோடு, கொக்கோ வந்த அட்டைப்பெட்டியையும் படித்துப் பார்க்கச் சொல்லி நீட்டினாள். ஸ்டெல்லா இரண்டு முறை படித்தாள். பிறகு அவசரத்துக்கென்று கைப்பைக்குள் வைத்திருந்த ஊசிமருந்தைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தாள்.

ரெனி நகமளவுத் துண்டு ஒன்றை நாக்கில் வைத்து வாயை மூடினாள். கடைக்காரப் பெண் துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தாள். துண்டு கரையக் கரைய ரெனியின் கண்கள் விரிந்தன. மெதுவாக விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நீ மூச்சு விடு" என்றாள்.