யார் கொட்டுவது?

பெட்டியின் கைப்பிடியில் அவள் கை வைத்திருந்தாள். கையில் ரப்பர் உறை மாட்டியாகிவிட்டது. இழுத்தால் வந்துவிடும்.

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான்.

"நீயே எடுத்துடு. உனக்கென்ன, பழக்கம்தானே?"

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தான்.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

மோட்டார்ஹோம் என்கிற இந்த வீட்டு வண்டி வாங்கி ஒரு வாரம். மெல்பர்னிலிருந்து கிளம்பி மூன்றாம் நாள். கடலோரத்தில் இந்த மாதிரி வண்டிகள் தங்கும் ஒரு முகாம். வாங்கும்போது புருஷன்காரன் எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தான். அடுப்பு, ஃபிரிட்ஜ், மடக்குக் கட்டில், கூரைமேல் சோலார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். "உள்ளேயே டாய்லெட்டு!" என்று ஊரில் இருக்கும் அண்ணனுக்கு வீடியோவில் கதவைத் திறந்து திறந்து காட்டினான்.

உள்ளே போவது அப்புறம் எங்கே போகும் என்று மட்டும் கேட்கவில்லை. துரைக்கு அதெல்லாம் எப்படித் தோன்றும்?

அடியில் ஒரு பெட்டிக்குப் போகும். நிறைந்தால் வெளியிலிருந்து உருவி, சக்கரத்தில் இழுத்துப் போய், முகாமின் கோடியில் இருக்கும் குழியில் கொட்டி, அலசிக்கொண்டு வர வேண்டும். அவரவர் பெட்டி அவரவருக்கு.

காலையிலிருந்து அவன் ஆள் தேடினான். முகாம் அலுவலகத்தில் போய், இதற்கென்று யாராவது வருவார்களா என்று கேட்டான். அங்கிருந்த பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. பக்கத்து வண்டிப் பெரியவர், ஓய்வுபெற்ற நீதிபதியாம், பைஜாமாவோடு தன் பெட்டியை இழுத்துக்கொண்டே அவனுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் அவன் அவளைப் பார்த்தான்.

பழக்கமாம்!

அவள் அப்பா மதுரை மாநகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. சாக்கடைக்குள் இறங்கியவர். அவளை வீட்டு விளக்குமாற்றைக்கூடத் தொட விட்டதில்லை. வேலை முடிந்து வந்தால் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார். அப்புறம்தான் அவள் புத்தகத்தைத் தொடுவார். எது அவளுக்குப் பழகிவிடக் கூடாது என்று அந்த மனுஷன் உயிரைக் கொடுத்தாரோ, அதைப் பழக்கம் என்கிறான் இவன்.

காலேஜில் காதலித்தபோது, சாதியாவது மண்ணாங்கட்டியாவது என்றது இந்த வாய்தான். கல்யாணப் பேச்சு வந்ததும், "மாநகராட்சி ஆபீஸ்ல வேலைன்னு சொல்லிக்குவோம்" என்றதும் இதே வாய்தான்.

அவளும் தலையாட்டினாள். அதுதான் இன்னும் எரிகிறது.

பதினோரு வருஷம். மகளிடமும் அதையே சொல்லி வளர்த்தார்கள்.

இத்தனைக்கும் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளே கொட்டிவிட்டு வந்திருப்பாள். தன் பிள்ளை போனது, தன் புருஷன் போனது. அதில் அவளுக்கு ஒரு அருவருப்பும் இல்லை.

வாயில் பிரஷ்ஷோடு தாரிகா வண்டிப் படியில் வந்து நின்றாள். ஒன்பது வயது.

"அம்மா, உனக்கு எப்படிப் பழக்கம்? போன வாரம்தானே நாம வண்டியே வாங்கினோம்?"

அவன் சிரிப்பு நின்றது.

அவள் உறைகளைக் கழற்றித் தரையில் எறிந்தாள்.

"வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து இங்க உக்காரு. சொல்றேன்."

"ஏய், விளையாட்டுக்குச் சொன்னேன்ப்பா."

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"சரி, நானே கொட்டிட்டு வரேன். போதுமா? அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காத."

பேரம் பேசுகிறான்! அவள் அப்பாவை மறைத்து வைக்க ஒரு பெட்டி மலம் சுமக்கவும் தயாராகிவிட்டான்.

உறைகளைப் பொறுக்கி மாட்டினான். பெட்டியை உருவினான். மூக்கைப் பொத்தக்கூட அவனுக்கு நேரமில்லை. கடகடவென்று இழுத்துக்கொண்டு ஓடினான்.

நாலு வண்டி தாண்டியதும் திரும்பிப் பார்த்தான். அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

அந்த விரலைப் பார்த்ததும் அவளுக்கு மிச்சம் மீதி தயக்கமும் போய்விட்டது.

"உங்க தாத்தா ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கலடி, தாரிகா."

"பின்னே?"

அவள் பேசத் தொடங்கியதைப் பார்த்து அவன் நடு வழியில் நின்றான். பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வரவும் முடியாது. எதிரே இரண்டு பேர் தங்கள் பெட்டிகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.

அவனுக்கும் கேட்கட்டும் என்று அவள் குரலை உயர்த்தினாள்.