மொதல்ல கேக்கோணும்

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நடுப்பகல் வெயில் தரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. உள்ளே தனசேகர் நினைவில்லாமல் கிடக்கிறான். காலையில் பரமத்திப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர்வெல் வண்டியின் இரும்புக் குழாய் சரிந்து அவன் தலையில் விழுந்துவிட்டது. அவன் மனைவி செலின் முக்காட்டைக் கன்னத்தோடு இழுத்துப் பிடித்தபடி நிற்கிறாள். உள்ளிருந்து கருவியின் கீச்சொலி விட்டுவிட்டுக் கேட்கிறது. அவர்கள் சபையின் போதகர் வேதாகமத்தை மார்போடு அணைத்து, கண்களை மூடி, தாழ்ந்த குரலில் ஜெபத்தைத் தொடங்குகிறார்: “ஆண்டவரே, உம்முடைய சித்தம் எதுவோ அதுவே ஆகட்டும்...” “நிறுத்துங்கய்யா!” செலின் போட்ட சத்தத்தில், காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்த ஆயா அப்படியே நின்றுவிடுகிறாள். “இன்னும் ஒண்ணுமே கேக்கலீங்க. அதுக்குள்ள ஏனுங்க உட்டுக்குடுக்கறீங்க?” போதகர் கண் திறக்கிறார். “சித்தத்துக்கு அடங்கறதுதானேம்மா விசுவாசம்?” “சிலுவைக்குப் போறதுக்கு மொத நா ராத்திரி இயேசப்பாவே பிதாகிட்ட மொதல்ல இந்தப் பாடு வேண்டாம், இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடுங்கன்னுதானுங்க கேட்டாரு. வேர்த்து ஊத்த ஊத்தக் கேட்டாரு. அப்பறந்தான் உம்ம சித்தம்னாரு.” அவள் கதவின் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். “ஆண்டவரே, எனக்கு இவரு வேணும். எந்திரிச்சு ஊட்டுக்கு வரோணும். உங்களால முடியும், அதனாலதான் கேக்கறேன்.” நெற்றி கண்ணாடியில் முட்டுகிறது, மூச்சுப் பட்டு அந்தப்பக்கத்துக் கட்டில் மங்குகிறது. “ஆனாலும்...” பேச்சு அங்கேயே நின்றுபோகிறது. உதவ நினைத்துப் போதகர் வாயெடுக்கிறார். “நானே சொல்லிக்கறனுங்க” என்று திரும்பாமலே சீறுகிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறாள்: “ஆனாலும்... உங்க சித்தமுங்க.” குரலில் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. போதகர் ஆமென் சொல்லத் துணியாமல் தலைகுனிந்து நிற்கிறார்.