சிவப்புக் கயிறு

புதுப் படகுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி, மாசிலாமணி முதல் முறையாகத் தனியே ஏரியில் இறங்கினார்.

மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டச் சொல்லியிருந்தார்கள். ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், மோட்டார் நின்றுவிடும்.

"கையை இழுக்குது சனியன்" என்று அதைப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினார். லைஃப் ஜாக்கெட்டின் பிளாஸ்டிக் உறையையும் பிரிக்கவில்லை. புதுசு அழுக்காகிவிடுமாம்.

நடு ஏரியில் ஒரு திருப்பு வேகமாகத் திருப்பினார். தொப்பென்று சத்தம் கேட்டது. அதன் பிறகு படகு அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"யாரோ விழுந்த மாதிரி இருந்ததே?" என்றது உறைக்குள்ளிருந்த ஜாக்கெட்.

"கயிறு அப்படியே இருக்கிறது. ஐயா படகில்தான் இருக்கிறார்" என்றது மோட்டார்.

"வெளியே யாரோ கூப்பிடுகிறார்கள். ஐயா குரல் மாதிரியே இருக்கிறது."

"பிளாஸ்டிக்குக்குள் இருந்தால் எல்லாம் அப்படித்தான் கேட்கும். அவர் விழுந்திருந்தால் நான் நின்றிருக்க மாட்டேனா?"

அடுத்த சுற்றில் குரல் மிக அருகில் கேட்டது. அதற்கடுத்த சுற்றில் இருமல் மட்டும் கேட்டது.

"இப்போது சத்தமே இல்லை" என்றது ஜாக்கெட்.

"நான்தான் சொன்னேனே."

மோட்டாருக்கும் அலுப்புத் தட்டியது. "ஐயா, கரைக்குப் போகலாமா?" என்று பணிவாகக் கேட்டது.

கயிறு அசையவில்லை.

ஐயாவுக்கு இன்னும் ஆசை தீரவில்லை போலிருக்கிறது என்று, அடுத்த சுற்றைத் தொடங்கியது.