துணைக்குக் கொடுத்த இரத்தம்

"டொக்டர், உந்த மனிசிக்கு நல்ல பேச்சுக் குடுங்கோ. நான் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்."

கதிரையில் இருக்க முன்னமே சோமசேகரம் தொடங்கிவிட்டார். நீர்வேலித் தோட்டத்தில் வாழைக்குலை வெட்டுகிற நாள். அதை விட்டுவிட்டு மனைவி கனகாம்பிகையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுன்னாகத்துக்கு வரவேண்டியிருந்த ஆத்திரம் அவருக்கு.

கனகாம்பிகை பருத்த உடம்புக்காரி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"போன கிழமை ரத்தம் எடுக்க வந்து உவ பட்ட பாடு! ஊசிக்குப் பயமாம். நீங்கள் முதல் குடுங்கோ, பாத்திட்டுக் குடுக்கிறன் எண்டு நிண்டா. விடியவெள்ளண தேத்தண்ணியும் குடிக்காமல் வந்து, துணைக்கு நானும் குடுத்துப்போட்டுத் தோட்டத்துக்கு ஓடினன். தின்னேக்கை மட்டும் பயமில்லை."

வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றே அவர் குரலை உயர்த்தினார்.

டொக்டர் நிவேதனா ரிப்போர்ட்டை விரித்தார்.

"நல்லாய் இல்லை ஐயா. வெறும் வயித்திலை சீனி நூற்றி அறுபத்தெட்டு. ரத்தத்திலை கொழுப்பும் கூட."

"கேட்டியே?" சோமசேகரம் மேசையில் அடித்தார். "மாடு மாதிரித் திண்டால் வேறை என்ன வரும்?"

"சாப்பாடு மட்டும் இல்லை ஐயா." டொக்டருக்கும் சூடேறியது. "வயித்துக்குள்ளை சேருற கொழுப்பு சும்மா கிடக்கிறேல்லை. அளவுக்கு மிஞ்சினால் அந்தக் கொழுப்பிலையே அழற்சி வரும். காயம் ஆத்த ஓடிவாற வெள்ளையணுக்கள், காயமே இல்லாத இடத்திலை குவிஞ்சு நிண்டு சண்டை பிடிக்கும். அதுகள் கக்கிறது ரத்தத்தோடை உடம்பெல்லாம் போகும். பிறகு இன்சுலின் சொல்லுறதை ஈரலும் கேக்காது, தசையும் கேக்காது."

"அதுதான் டொக்டர். உவவும் ஆர் சொன்னாலும் கேக்கிறேல்லை."

நிவேதனா பேனையைக் கீழே வைத்தார்.

"நீங்கள் ஆரைப் பற்றிக் கதைக்கிறியள்? இது உங்கடை ரிப்போர்ட்."

சோமசேகரம் தாளைப் பறித்துப் பார்த்தார். அவருடைய பெயர்தான். வயது ஐம்பத்திரண்டு.

"எனக்கோ? நான் என்ன உவவைப் போலையே? கையைக் காலைப் பாருங்கோ, ஈர்க்கு மாதிரி."

"கையிலை இல்லை ஐயா, வயித்திலை." டொக்டர் அளவுநாடாவை அவருடைய பெல்ட்டுக்கு மேலே சுற்றிப் பிடித்தார். "நாற்பத்தொரு இஞ்ச்."

"அப்ப இவளின்ரை ரிப்போர்ட் எங்கை?"

"அவவுக்குப் போன மாசமே பாத்தாச்சு. எடை குறைக்கவேணும். சீனி வருத்தம் இல்லை. அண்டைக்கு ரத்தம் குடுத்தது நீங்கள் மட்டும்தான்."

சோமசேகரம் மனைவி பக்கம் திரும்பினார். "என்னை ஏமாத்தினியே?"

கனகாம்பிகை எழும்பினாள்.

"ராவிலை நாலுதரம் ஒண்டுக்குப் போக எழும்பிறியள். கால் விறைக்குதெண்டு புலம்பிறியள். ஆறு மாசமாய்க் கெஞ்சினன். உங்களை டொக்டரிட்டைக் காட்டக் கூப்பிட்டால் வரமாட்டியள். எனக்குப் பேச்சு வாங்கித்தர எண்டால் குலை வெட்டுறதையும் விட்டிட்டு வருவியள் எண்டு தெரியும்."