தலைவருக்கும் செயலாளருக்கும் நடுவே ஒரு பொன்னாடை

சங்கத்தின் படக்காட்சிக்கு வாடகைக்கு எடுத்த பார்க் எக்ஸ்டென்ஷன் தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தை நாலு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இப்போது மணி மூன்று ஐம்பத்திரண்டு. நூறு வருசத்துக்கு முந்தின இங்கிலாந்து மேடைக் கோமாளிகள் இருவரின் ஊமைப்படத்தைத்தான் காட்டவேண்டும், அது ஏழே நிமிடம்தான். அதைத் தேடிப்பிடித்த அனோஜினியின் விரல் மடிக்கணினியின் பொத்தான்மேல் நிற்கிறது. மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் ஒப்பேறி, நெட்டைத் தலைவர் கிருபானந்தனும் கட்டைச் செயலாளர் அருமைநாதனும் திரைக்கு முன்னால் நின்று ஒரே பொன்னாடையை ஆளுக்காள் போர்த்த எத்தனிக்கிறார்கள். "முதல் உங்களுக்கு அண்ணை" என்கிறார் செயலாளர். "சீச்சீ, உமக்குத்தான் ஐசே." இனிப் பொறுக்க ஏலாது, அனோஜினி படத்தைத் தட்டிவிடுகிறாள். முகத்தில் பாய்ந்த ஒளியை வீடியோக்காரரின் வெளிச்சமென்று நம்பித் தலைவர் நெஞ்சை நிமிர்த்துகிறார். அவர் முதுகுக்குப் பின்னால், திரையில், ஒரு நெட்டையும் ஒரு கட்டையும் ஒரே தொப்பியை மற்றவன் தலையில் வைக்க மல்லுக்கட்டுகிறார்கள். பக்கத்தில் பொன்னாடையோடு தலைவர், செயலாளர் இருவரின் நிழல்கள். மண்டபம் குலுங்குகிறது. முன்வரிசையில் அக்னெஸ் மாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கிறா. "மாமி அழுறா அண்ணை. சனம் உருகிப்போச்சு" என்று செயலாளர் கிசுகிசுக்கிறார். இருவரும் சபையைக் குனிந்து கும்பிடுகிறார்கள். பின்னால், திரையில், அந்த இருவரும் தொப்பியைக் கழற்றிக் குனிகிறார்கள்.