மாமன் மடி

கோமளவல்லிக்கு நாற்பத்தைந்து வயதில் காதுகுத்து. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மாவும் அம்மாவின் தம்பி சிதம்பரநாதனும் பேச்சை முறித்துக்கொண்டார்கள். "தாய்மாமன் மடியில் வைத்துத்தான் என் பெண்ணுக்குக் காது குத்துவேன்" என்று அம்மா பிடித்த பிடிவாதத்தில், கல்யாண மேடையில்கூட அவள் மூளிக்காதோடுதான் நின்றாள். இன்று மாமா வீம்பை விட்டுச் சீர்த்தட்டோடு வந்து, கோயில் மண்டபத்தில் சம்மணமிட்டுத் தொடையைத் தட்டினார். அம்மா இன்னும் வாய் திறக்கவில்லை. தூணைப் பார்த்தபடி நின்றாள்.

"நான் எண்பது கிலோ, மாமா! உங்க முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"முழுசா உட்காரு தாயி. பாதி மடியிலே குத்தினா செல்லாது."

உட்கார்ந்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா மட்டும் சாமி பல்லக்கைத் தோளில் ஏற்றியவர் போல நிமிர்ந்திருந்தார். அந்த ஒல்லி உடம்பு இம்மிகூட அசையவில்லை. இப்பேர்ப்பட்ட மனிதரையா இத்தனை வருஷம் தெரியாமல் இருந்தோம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

பத்தர் தங்கக் கம்பியைக் காதருகே கொண்டுவந்ததும், "அம்மா!" என்று துள்ளினாள்.

அம்மா சட்டென்று திரும்பினாள். "டேய் சிதம்பரம், பிள்ளை தலையை அசையாமப் பிடிடா!"

மாமாவின் தொடை அப்போதுதான் நடுங்கியது.