சின்ன செட் போதும்

கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுவதுதான் அவன் பிழைப்பு. கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றினால், என்ன மாட்டினான் என்பதை அதன் பின்பக்கம் தேதி போட்டு, பென்சிலால் எழுதிவைப்பது அவன் பழக்கம்.

அன்று காலை அக்கா புருஷன் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரோடு வந்து நின்றார். நாற்பது வருஷத்து வண்டி. கதவின் திருகுகளில் இதுவரை யாரும் கை வைத்ததில்லை.

“சின்னதா ஒரு செட் போதும், மாப்ளே. உங்க அக்கா பேச்சு காதுல விழாம இருந்தா சரி.”

அவன் சிரித்துக்கொண்டே டோர் பேடைக் கழற்றித் திருப்பினான். பின்பக்கம் அவனுடைய கையெழுத்து. அன்றைய தேதி.

‘பெரிய செட் மாட்டினேன். லாரி ஹாரன் அத்தானுக்குக் கேட்கவில்லை.’

அதற்குக் கீழே, அதே தேதியில்: ‘சின்னது மாட்டினேன். அப்போதும் கேட்கவில்லை.’

அவன் பேடை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“இந்த வண்டிக்குப் பாட்டே வேணாம், அத்தான். சும்மா ஓட்டுங்க.”

“அட, அவ்வளவுதானா? விடு, நானே பாடிக்கிட்டுப் போறேன். அந்தப் பேடைச் சாயங்காலம் வந்து மாட்டிக்கறேன்.”

தொண்டை கிழியப் பாடிக்கொண்டே அவர் தெருமுனையில் திரும்பினார். பாட்டு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

அப்போதுதான் அவன் டோர் பேடின் மேலிருந்த கட்டைவிரலை எடுத்தான். அதற்கடியில் மூன்றாவது வரி இருந்தது.

‘எதையும் மாட்டவில்லை. பாடிக்கொண்டே போனார்.’